நேமத்தான்பட்டி அழகி

சினிமா வார இதழில் கேள்வி பதில் எழுதுபவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. வாசகர்கள் கேட்காவிட்டால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ‘கேளுங்க சேவு’ பக்கத்துக்குக் கடிதம் வருவது நின்றபின், காரைக்குடியில் உட்கார்ந்தபடி சேவுகப்பெருமாளே கேட்டார், சேவுகப்பெருமாளே பதிலும் சொன்னார். துடுக்கான கேள்விகளை மட்டும் ‘நேமத்தான்பட்டி அழகி’ பெயரில் போடுவார். அப்படி ஒருத்தி கிடையாது.

புது ஆசிரியர் தீக்ஷா சென்னையிலிருந்து கூப்பிட்டார். “சார், உங்க பக்கத்தை இன்னும் யாராவது படிக்கிறாங்களா?”

அந்தப் பக்கத்தை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை. “நேமத்தான்பட்டி அழகி வாரம் தவறாம எழுதுறாகளே” என்று சொல்லித் தொலைத்தார்.

“சூப்பர். அவங்களை வீடியோ எடுத்து அனுப்புங்க. நல்லா வந்தா பக்கம் இருக்கும். இல்லன்னா இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்.”

மறுநாளே நேமத்தான்பட்டி டீக்கடையில் போய் நின்றார். “இங்குட்டு அழகின்னு யாராச்சும் இருக்காகளா?”

“கோயில் தெரு அழகியா, ஊருணிக்கரை அழகியா?” என்றார் கடைக்காரர்.

“நல்லா வாய் பேசுறவுக.”

“அப்ப ஊருணிக்கரைதான்.”

ஊருணிக்கரை அழகி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். பத்திரிகையைத் தொட்டதே இல்லை. படம் மட்டும் செல்போனில் ஒன்று விடமாட்டாளாம். அவர் சொல்லிக்கொடுத்தபடி, “சேவு பக்கம்னா எனக்கு உசுரு” என்று ஒப்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அது கெடக்கட்டும். இப்ப ஹீரோவெல்லாம் ஏன் இருட்டுக்குள்ளயே சண்டை போடுறாக? கரண்டு பில்லு கட்டலையா?”

ஆட்டை அதட்டிக்கொண்டே மேலும் மேலும் பேசினாள். சேவுகப்பெருமாளே சிரித்துவிட்டார். இத்தனை வருட எழுத்தில் இப்படி ஒரு வரி தனக்கு வாய்க்கவில்லையே என்று வயிறும் எரிந்தது.

வீடியோவைப் பார்த்ததும் தீக்ஷா கூப்பிட்டார். “பின்னிட்டாங்க சார்! பக்கம் இருக்கு. ‘கேளுங்க அழகி’. இனிமே வீடியோல அவங்களே பதில் சொல்லட்டும். நீங்க எடுத்து அனுப்பிடுங்க.”

“அப்ப நான் எழுதுறது?”

“கேள்வி எழுதுங்க சார். ஊர் பேர், ஆள் பேர் எல்லாம் போட்டு. உங்களுக்கு இது புதுசா என்ன?”

அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் எழுதினார்.

முதல் நாள், செல்போனை அழகியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முதல் கேள்வியை அவரே வாசித்தார். “திருப்பத்தூர் வீரையா கேக்குறாரு. சேவு எங்க போனார்?”

“சேவா?” அழகி விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுலதான் பொட்டலம் பொட்டலமா விக்கிறாகளே, வாங்கித் தின்னுங்க!”

கை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த கேள்வியை வாசித்தார் சேவுகப்பெருமாள்.