எக்ஸ்பெல் என்றால் தமிழில் என்ன?

எக்ஸ்பெல் என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் ஓட்டிவிடுவேன். பள்ளிக்கூடம் மாணவனை எக்ஸ்பெல் செய்யும், நாடு தூதரை எக்ஸ்பெல் செய்யும், நுரையீரல் காற்றை எக்ஸ்பெல் செய்யும். முதல் இரண்டும் தண்டனை, மூன்றாவது இல்லாவிட்டால் உயிரே இல்லை. இங்கிலீஷில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த திமிர்.

அந்தத் திமிரோடுதான் தங்கைக்கு மொழிபெயர்க்கப் பிரசவ அறைக்குள் போனேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் அவருக்குப் படித்து வந்த மொழிதான். எதையும் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார்.

திரையில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. "இனித் தாமதிக்க முடியாது. குழந்தையை எக்ஸ்பெல் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டும்" என்றார்.

பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். "குழந்தைய வெளியேத்துடி!"

அதுவரை முக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அப்பா வீட்டைவிட்டு வெளியேற்றிய பெண் அவள். பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் மனுஷன்.

"மாட்டேன்க்கா" என்றாள். வலியிலும் களைப்பிலும் பாதி மயக்கம். "என்னைய மாதிரி என் பிள்ளையும் வெளிய நிக்கணுமா?"

"ஐயோ, அது வேறடி! தள்ளு!"

"அதான் என்னையத் தள்ளி வச்சீங்களே."

மண்டைக்குள் அடுத்த சொல்லைத் தேடினேன். விரட்டு, துரத்து, ஒதுக்கு, விலக்கு. எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் அவள்மேல் பயன்படுத்தித் தீர்த்தாயிற்று. டாக்டர் ஆயுதத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினேன். "அடியே, இங்க யாரும் யாரையும் வெளியேத்தல! உன்னைத் தேடித்தான்டி வருது அது. பெத்துக்கடி! உன் பிள்ளைய நீ பெத்துக்க!"

கண்ணைத் திறந்தாள். "பெத்துக்கவா?" என்றாள், கடையில் பிடித்த பொருளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற மாதிரி.

"பின்ன? உன்னோடதுதானே!"

அடுத்த வலி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முக்கினாள் பாருங்கள், என் வளையல் நெளிந்துவிட்டது. இன்னொரு வலி. அதற்குள் தலை வந்துவிட்டது, தொடர்ந்து முழுசாக ஒரு பெண் குழந்தை, வந்ததும் வராததுமாக அறையே அதிர ஒரு அலறல். நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் தங்கச்சியாக்கும்! பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள், அந்த ஆயுதத் தட்டை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பெறு என்று சொன்னேன். எங்கள் மொழியில் பரிசு பெறுவதும் அதே சொல்தான், பிள்ளை பெறுவதும் அதே சொல்தான்." தமிழைப் பற்றி இங்கிலீஷில் பெருமையடிக்கிற சுகமே தனி.

டாக்டர் யோசித்தார். "ஆனால், குழந்தை வெளியேதானே போகிறது?"

அதை அப்படியே தமிழில் தங்கையிடம் சொன்னேன். குழந்தையை மார்பின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வெளிய போனவ நான்னு சொல்லுக்கா. இவ என்கிட்ட வந்திருக்கா."