பெயர் மாற்றி எழுதிய பலகைகள்

வர்ஜில் ஹாஸ்காம்ப் நான்கு வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு நின்று பத்தொன்பது ஓட்டில் தோற்றான். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் ஊரே நினைத்தது. நானும் அவனும் ஒரே கம்பெனியில், வீடு வீடாகப் போய் வாசல் டேங்கில் சமையல் கேஸ் நிரப்பும் லாரியில் வேலை செய்கிறோம். எனக்குத் தெரியும். டேங்க் நிரம்பும்வரை வாசலில் நின்று, அந்தப் பத்தொன்பது பேரில் இந்த வீட்டுக்காரனும் ஒருவனா என்று யோசிப்பான்.

இந்த வருடம் மறுபடி நிற்பதென்று மனசுக்குள் முடிவு செய்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று இருந்தான்.

மே மாதம், ஆற்றங்கரைச் சாலைக்குப் போகும் பள்ளிப் பேருந்தை நிறுத்தப்போவதாக வாரியம் சொன்னது. வர்ஜிலின் மனைவி நோரீன் பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பறையில் வேலை செய்கிறவள், அதிகம் பேசமாட்டாள். அன்றைய கூட்டத்தில் எழுந்து மூன்று நிமிடம் பேசினாள். "என் பொண்ணு ஹேஸல் ஏறுற இடத்துல நீங்க ஒருநாள் ஏறிப் பாருங்க. உங்களைத் திட்ட வரல, கூப்பிட வந்திருக்கேன்" என்றாள். கலைந்து போகும்போது எல்லோரும் அதையே பேசிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிநேகிதி லாவோன் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு ஆப்பிள் கேக்கோடு அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த வர்ஜில், தன்னைத்தான் நிற்கச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். நாற்காலிகளை இழுத்துப் போட்டான். காப்பி வைக்கப் போனான்.

"நீ உட்காரு வர்ஜில். நோரீன் எங்க?" என்றாள் லாவோன்.

நோரீன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தாள். "நீதான் நிக்கணும்டி. நாங்க எல்லாரும் பேசி முடிச்சிட்டோம்" என்று லாவோன் அவள் கையைப் பிடித்தாள்.

நோரீன் கணவனைப் பார்த்தாள். "நீ நிக்கிறதா இருந்தா சொல்லு. நான் ஒதுங்கிக்கிறேன்."

அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். "சே, எனக்கெதுக்கு அந்தத் தலைவலி?" என்று வர்ஜில் சிரித்தான்.

அவனுடைய பழைய பிரசாரப் பலகைகள் நாற்பது, கார் நிறுத்தும் கொட்டகையில் கிடந்தன. வீணாக்க வேண்டாமே என்றாள் நோரீன். அவனே உட்கார்ந்து வர்ஜில் என்ற பெயர் மேல் வெள்ளைப் பட்டை ஒட்டி நோரீன் என்று எழுதினான். வீட்டு முற்றங்களில் நட்டுக்கொடுக்க நானும் கூடப் போனேன். பீச் மரத்துக்குக் கீழே ஒன்றை நட இடம் காட்டிய ஆர்வில் கிழவர், "இந்தத் தடவை சரியான ஹாஸ்காம்பை நிறுத்தியிருக்கீங்க!" என்று அவன் முதுகில் தட்டினார். வர்ஜிலும் சேர்ந்து சிரித்தான். திரும்பி வரும்போது "சரியான ஹாஸ்காம்ப்" என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான்.

அக்டோபரில் வேட்பாளர்கள் கூட்டம். நோரீனிடம் பேருந்தைப் பற்றிக் கேட்டார்கள். "தூரத்தை மைல் கணக்குல அளக்காதீங்க. பிள்ளை உட்கார்ந்திருக்கிற நேரத்துல அளந்து பாருங்க" என்றாள். நான்கு வருடம் முன்பு வர்ஜில் அதே மேடையில் சொன்ன வார்த்தை அது. அன்று யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். "இது என் வீட்டுக்காரர் சொன்னது" என்று அவள் சொன்னதும் எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மனைவிக்குக் குடை பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து காப்பிக் கடையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கர்ட்டிஸ் ப்ரோக்மன் வந்து எதிரே அமர்ந்தான். விதை வியாபாரி, நோரீனை எதிர்த்து நிற்கிறவன். "உன் பொண்டாட்டி என்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுவா போலிருக்கேப்பா."

வர்ஜில் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "நம்ம ஸ்கூலுக்காகவே அவ பிறந்தவன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. போன வருஷம் ஹேஸலைப் பக்கத்து ஊர் ஸ்கூலுக்கு மாத்த ஃபாரமே எழுதி வெச்சிருந்தா."

மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அதற்குள் கர்ட்டிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாளே ஊர்க்காரர்களின் இணையப் பக்கம் முழுக்க அதே பேச்சு. அந்த ஃபாரம் விஷயம் கணவனுக்கும் லாவோனுக்கும் மட்டுமே தெரியும். கணவன்மேல் நோரீனுக்குச் சந்தேகமே வரவில்லை. லாவோனைக் கூப்பிட்டு, "நீயா சொன்ன?" என்று கேட்டுவிட்டாள். லாவோன் ஃபோனை வைத்துவிட்டாள். ஐந்து மாதம் நோரீனுக்காக ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்தவள் அதன்பிறகு வரவில்லை.

வர்ஜில் மூன்று நாள் தாங்கினான். நான்காம் நாள் நோரீன் சமையலறை மேசையில் தபால் அட்டைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றான்.

"லாவோன் இல்ல. நான்தான்."

"யார்கிட்ட சொன்ன?"

"கர்ட்டிஸ்கிட்டயே."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ஏன்?"

"உனக்குக் கைதட்டினாங்க."

"நான்தான் கேட்டேனே வர்ஜில். எல்லார் முன்னாலயும் கேட்டேனே."

"கேட்ட. நீ விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கணுமா? அதுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது."

நோரீன் கார் சாவியை எடுத்தாள். "கிளம்பு. இதை லாவோன்கிட்ட நீயே வந்து சொல்லு."

லாவோன் வலைக்கதவைத் திறக்காமலே அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "உனக்கு அறிவு இருக்காடா?" என்று அவனை ஒரு வாங்கு வாங்கினாள். அத்தோடு அவனை விட்டுவிட்டாள். பிறகு நோரீன் பக்கம் திரும்பி, "இவன் புத்தி இவ்வளவுதான். நீ என்னை எப்படிடி நினைச்ச?" என்றாள். இருவரும் பழையபடி பேச ஆரம்பிக்கப் பனி விழும் காலம் ஆயிற்று.

நோரீன் எதையும் மறைக்கவில்லை. ஃபாரம் எழுதியது உண்மை, அந்தப் பேருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று முன்பே காதில் விழுந்ததால் எழுதினேன், ஹேஸல் அழுததால் கிழித்தேன் என்று இணையப் பக்கத்தில் தன் பெயரில் எழுதினாள். யார் வெளியே சொன்னது என்று மட்டும் எழுதவில்லை. நவம்பரில் நாற்பத்திரண்டு ஓட்டில் ஜெயித்தாள்.

"நீ யாருக்குப் போட்ட?" என்று லாரியில் கேட்டேன்.

"அவளுக்குத்தான். பேனா ஒரு தடவை கர்ட்டிஸ் பேர் வரைக்கும் போயிட்டு வந்துது" என்றான் வர்ஜில், ரோட்டைப் பார்த்தபடியே.

வாரியக் கூட்டம் மாதத்தில் இரண்டாவது திங்கட்கிழமை. அன்று சாயங்காலம் ஹேஸலுக்குச் சாப்பாடு செய்து வைத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்வான். பௌலிங் விளையாடும் கூடத்துக்குப் போகலாமா என்பான். அவள் வந்து நடந்ததைச் சொல்வதற்காக வீட்டில் காத்துக்கொண்டு உட்கார முடியவில்லையாம்.

"இன்னுமாடா எரியுது?" என்று கேட்டேன்.

"முன்ன மாதிரி இல்ல" என்றான். "திங்கட்கிழமைல மட்டும்."