இருபத்தொரு டம்ளர்

பெரியப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை அவள் நான்காவது முறையாக விரித்தாள். எறும்பு எழுத்து. 'கொழுப்பைக் குறைக்கும் இம்மருந்தை உட்கொள்பவர்கள் கிரேப்ஃப்ரூட் சாறு அருந்தக் கூடாது.'

ஆரஞ்சுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தப் பழத்தை, உடம்புக்கு நல்லதென்று எங்கோ படித்துவிட்டு, மூன்று வாரமாகக் காலையில் பிழிந்து பெரியப்பாவுக்குக் கொடுத்தவள் அவள்தான். இன்று மதியம்தான் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

கூடத்தில் ஒரே சிரிப்பு. பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்த குண்டு மாமா அவரைப் பற்றிக் கதை விட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாண மாப்பிள்ளை லிஃப்டுல மாட்டிக்கிட்டான். இவரு கதவை நெம்பிட்டு, 'நல்லா யோசிச்சுக்கோ தம்பி, மேல மண்டபம், கீழ பஸ் ஸ்டாண்டு, எங்க விடட்டும்?'னாரு!"

பெரியம்மா டீ போட சமையலறைக்கு வந்தாள்.

"ஏன்டி தனியா நிக்குற?"

"பெரியம்மா... நான்தான் பெரியப்பாவக் கொன்னுட்டேன்."

தாளை நீட்டினாள். பெரியம்மா அதைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

"அடிப் பைத்தியமே! அவரு ஒரு சொட்டு குடிக்கல. மருந்துக்கடைக்காரரு முதல் நாளே சொல்லிட்டாரு. ஆப்பிள், வாழைப்பழம்லாம் தாராளமா சாப்பிடுங்க, இது மட்டும் வேணாம், மருந்து ரத்தத்துல கூடிப்போயி தசையெல்லாம் வலிக்கும்னு. இதயம் பழுதுன்னு டாக்டர் போன வருஷமே கைய விரிச்சுட்டாரு. 'கேபிள் தேஞ்சு போச்சு'ன்னு அவரே சிரிப்பாரே."

"டம்ளர் காலியா வந்துச்சே?"

"நான் குடிச்சேன்! நீ வெளிய கிளம்ப ஷூ மாட்டக் குனியுற நேரத்துல இந்தக் கதவு இடுக்குல எங்கிட்ட நீட்டுவாரு. 'புள்ள நிமிர்றதுக்குள்ள இழுத்துடு'ம்பாரு. காலி டம்ளரை அதே வழியா வாங்கிப்பாரு. இருபத்தொரு நாள்டி! நாக்கே செத்துப்போச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னாரு. நீ டம்ளரோட வந்து நின்னா அவருக்கு மனசு வராது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. ஃபிரிட்ஜில் ஒரு பழம் மிச்சம் இருந்தது. பிழிந்தாள்.

"பாதி நீ குடி. அப்பதான் தெரியும் என் பாடு."

குடித்தாள். முகம் அஷ்டகோணலானது. மீதியைப் பெரியம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கினாள். வாயைத் துடைத்தபடி, பழக்கத்தில், காலி டம்ளரைக் கதவு இடுக்கில் நீட்டினாள்.

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.