சிவப்பும் பச்சையும் சேர்ந்தால்

குற்றாலத்தில் சீசனுக்கு நாடகம் போட்டிருந்த கொட்டகையில் அன்று மத்தியானம் மஞ்சள் கண்ணாடி உடைந்தது. ஒத்திகையின்போது கூரைக்கீற்று வழியே புகுந்த சாரல், சூடேறிய விளக்குப் பெட்டியில் பட்டதுதான் காரணம். விளக்குக்காரர் அப்துல் ஜப்பார் சில்லுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கம்பெனி முதலாளி தளவாய் சத்தம் போட்டார். "அம்மன் பொன்மயமா வாரதப் பாக்கத்தான்வே சுரண்டையிலயிருந்து வண்டி கட்டிட்டு வருதாக. இன்னைக்கு மஞ்சள் வெளிச்சம் விழல, நாளைக்கு நீரு ஊரப் பாக்கப் போயிரும்."

ஜப்பாருக்கு ஊர் வடகரை. மனைவி சுல்தான் பீவி அங்கே நிறைமாதமாக இருந்தாள். வேலையிழந்து எந்த முகத்தோடு போவது?

மிச்சமிருந்தவை சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும்தான். நாடகத் திரைச்சீலைகளில் படம் எழுதும் ஆதித்தனிடம் போனார். "அண்ணாச்சி, இது ரெண்டையும் சேத்தா மஞ்சள் வருமா?"

தான் பாடுபட்டு எழுதும் திரைகளை ஜப்பாரின் கலர் வெளிச்சம் கெடுக்கிறதென்று ஆதித்தனுக்கு ஒரு மனத்தாங்கல். "சாணி நிறம்தான் வரும் ராவுத்தரே. வேணும்னா ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாரும்."

வைத்துப் பார்த்தார். இருட்டுதான் கவிந்தது.

"அம்மனுக்குப் பதிலா கரிச்சட்டி வாரா!" என்று சிரித்த ஆதித்தன், ஜப்பார் தலைகுனிந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். தூரிகையைக் கீழே வைத்தார்.

"எழும்பும்வே. அம்மனுக்குச் சிவப்பும் உகந்தது, பச்சையும் உகந்தது. மாத்தி மாத்திக் காட்டுவோம். மூலையில கெடக்க அந்த உபரி விளக்குப் பெட்டிய நான் பிடிக்கேன்."

அம்மன் வேஷக்காரி கல்யாணசுந்தரி வெள்ளைச் சேலையோடு நடுவில் வந்து நின்றாள். ஆதித்தன் தன் பெட்டியின் மூடியை விலக்கிச் சிவப்பைத் திறந்தார். அதை மூடியபின்தான் பச்சை வரவேண்டும். பழக்கமில்லாத கை, மூடி சிக்கிக்கொண்டது. அதற்குள் ஜப்பார் பச்சையைத் திறந்துவிட்டார்.

இரண்டு வெளிச்சமும் சேலையில் சந்தித்த இடம் மஞ்சளாக நின்றது.

"புதுக் கண்ணாடி எப்ப வந்துச்சு?" என்றாள் கல்யாணசுந்தரி, தன் கைகளைத் திருப்பிப் பார்த்தபடி.

"இது என்னவே கூத்து! என் கிண்ணத்துல சேந்தா மங்கிப் போவுது. இங்கன சேந்தா கூடுதலால்லா பிரகாசிக்கி!" என்றார் ஆதித்தன்.

சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இரண்டு சாயம் கலந்தால் இரண்டும் விழுங்கும். அடுக்கி வைத்த கண்ணாடியும் அப்படித்தான். தனித்தனி விளக்குகளோ எதையும் எடுத்துக்கொள்வதில்லை. தன்னிடம் உள்ளதை ஒவ்வொன்றும் கொண்டுவந்து கொடுக்கிறது. மனிதர்க்கும் அந்த வழியை ஆண்டவன் அடைத்துவிடவில்லை.

சத்தம் கேட்டு வந்த தளவாய், ஒத்திகை என்பதை மறந்து கைகூப்பினார். பிறகு நினைவு வந்தவராக, "ரெண்டு பெட்டிக்கு ரெண்டு ஆளு வேணுமேவே. இன்னொரு ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

ஜப்பாரின் முகம் வாடியது.

"திரை எழுதுதது பகல்லதான முதலாளி," என்றார் ஆதித்தன். "ஆட்டம் முடியுத மட்டும் நான் நிக்கேன். தெனமும்."

ஜப்பார் தோளில் கிடந்த துணியை எடுத்து ஆதித்தனின் விரல்களில் சுற்றிவிட்டார்.

"பெட்டி சுடும், அண்ணாச்சி. இப்படிப் பிடிங்க."