ஜெபித்துச் சொல்கிறோம்

ஞானஜோதி டீச்சர் செய்யாத ஜெபம், பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி வீடொன்றில், சுவரைப் பார்த்து முழங்கால் போட்டிருந்தது. டீச்சரின் அதே மாம்பழ நிறப் புடவை, அதே மூக்குக்கண்ணாடி. உதடுகள் மட்டும் இறுக மூடியிருந்தன. டீச்சரோ அந்த நேரத்தில் முடிச்சூரில் தன் வீட்டில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தாம்பரம் பக்கத்துச் சபைகளில் இது புதிதல்ல. தனியாக இருந்த தன் அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளச் சொன்னபோது "ஜெபிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பிய வண்டலூர்க்காரர் ஒருவர், அந்த அப்பா சாகும்வரை அவர் கட்டிலருகே முழங்காலில் இருந்தார். வண்டலூரில் வழக்கம்போல் வேலைக்கும் போய்வந்தார். செய்யாத ஜெபம், பதிலுக்குக் காத்திருப்பவர் வீட்டுக்குத்தான் போகும். எல்லோருக்கும் தெரியும். தங்கள் வீட்டு முழங்கால்கள் எங்கே இருக்கின்றனவோ என்ற பயத்தில் யாரும் பேசுவதில்லை.

பெரும்பாக்கத்து வீடு தீனாவுடையது. ஏ.சி. மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கீபோர்டு வாசிப்பான். டீச்சரின் ஒரே மகள் ஜெனி அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் வீட்டைப் பார்க்க டீச்சரும் கணவர் லாசரஸும் போன அன்று லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் வரிசையாக நின்ற தண்ணீர்க் குடங்களைத் தாண்டும்போதே டீச்சர் முடிவெடுத்துவிட்டார். மிச்சம் மூன்று மாடியும் ஏறியது மரியாதைக்கு. தீனாவின் அம்மா பட்டு கொடுத்த கலரைக் குடித்துவிட்டு, "ஜெபிச்சுச் சொல்றோம்மா" என்றார் டீச்சர். அடுத்த வாரம் போனில், "ஜெபிச்சோம், மனசுல சமாதானம் இல்லை" என்றார். இதற்குமேல் யாராலும் வாயைத் திறக்க முடியாது. வேண்டாம் என்று சொன்ன பழி நேராக ஆண்டவர் தலையில் விழுந்துவிடும், அவரும் மறுத்துப் பேசுவதில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பிய பட்டு, முழங்காலில் இருந்த டீச்சரைப் பார்த்தாள். தலையணை ஒன்றை முழங்காலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மறுநாளே பஸ் பிடித்து முடிச்சூர் வந்தாள்.

"டீச்சர், நீங்க எங்க வூட்ல முட்டி போட்டுகினு கீறீங்க. காப்பித் தண்ணி குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்றீங்க. ஒரு தபா வந்து இன்னான்னு ஆண்டவராண்ட கேட்டுட்டு, உங்கள நீங்களே கூட்டினு போய்டுங்க. அவரு வேணாம்னுட்டா நாங்க பேஜார் பண்ண மாட்டோம்."

டீச்சர் போகவில்லை. "நீதான் கேக்கவே இல்லையே, ஜோதி" என்றார் லாசரஸ். டீச்சர் சமையலறைக்குள் போனார். கேட்டால் ஒருவேளை ஆண்டவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் டீச்சரின் பயம். அதற்குப் பிறகு, முழங்கால் போடாமலேயே அவர் முழங்கால்கள் காய்த்துக் கறுத்தன.

ஜெனி பெரும்பாக்கம் போய்ப் பார்த்தாள். அம்மாவின் மூடிய உதடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் கேட்ட விஷயம் ஆண்டவர் காதுக்கே போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த வருஷமே ஒரு சின்னச் சபையில் கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்கே வந்தாள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அம்மாவின் கண்ணாடியைத் துடைத்தாள். பிறந்த மகன் அந்தத் தோளைப் பிடித்துத்தான் நிற்கப் பழகினான். அம்மாவைப் பெற்ற பாட்டி என்று அவன் அறிந்தது அதைத்தான். லாசரஸ் இறந்தபோது ஜெனி கல்லறைத் தோட்டம்வரை வந்தாள். வீட்டுக்கு வராமல் அப்படியே திரும்பிப் போனாள்.

அந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் டீச்சர் போன் செய்தார். "கிறிஸ்துமஸுக்கு வந்துடும்மா, ஜெனி. பையனையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. உன்ன பாக்காம என்னால முடியல."

அந்தப் பக்கம் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றாள் ஜெனி.

டீச்சர் போனை மேசையில் வைத்தார். நிமிர்ந்தபோது, கூடத்துச் சுவரைப் பார்த்து ஜெனி முழங்கால் போட்டிருந்தாள். பச்சை சுடிதார். கொஞ்சம் இளைத்திருந்தாள். நெற்றி வகிட்டில் ஒரு நரைமுடி. உதடுகள் மூடியிருந்தன. டீச்சர் தலையணை கொண்டுவந்து முழங்காலுக்கு அடியில் வைத்தார். ஃபேனை அவள் பக்கம் திருப்பினார். பக்கத்தில் தானும் முழங்கால் போட்டு, எத்தனையோ வருஷம் கழித்து, வாயைத் திறந்து ஆண்டவரிடம் கேட்டார். சுவர் சுவராகவே இருந்தது.

கேரல் ரவுண்ட்ஸ் அந்தத் தெருவுக்கு வந்த சாயங்காலம், பாடகர் குழுப் பெண்கள் கூடத்துக்குள் வந்து, முழங்காலில் இருந்தவளின் துப்பட்டாவை மிதிக்காமல் ஒதுங்கி நின்று பாடினார்கள். பாட்டு முடிந்ததும், "ஜெனி வந்திருக்காளா, டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"வந்திருக்கா" என்று சொல்லி, டீச்சர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்.