மெச்சோவைப் பழக்கியவள்

ரூசே நகரத்தில், தன்யூப் ஆற்றங்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் நெவேனா குடியிருந்தாள். நாற்பது தாண்டியதும் சர்க்கரை நோய் அவள் பார்வையைப் பறித்துக்கொண்டது. செய்தி கேட்டதும் வர்னா நகரத்தில் பார்த்துவந்த தையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள் தங்கை பிலியானா. அன்றிலிருந்து அக்கா நடக்கும் வழியில் நாற்காலியை ஒதுக்குவதும், தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்து வைப்பதும், கதவைத் திறந்து நிற்பதுமாக அவள் பொழுது போயிற்று. நெவேனா எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லாமலே நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அட்டைப்பெட்டியிலிருந்து நாய்க்குட்டிகளின் முனகல் கேட்டது. நெவேனா குனிந்து பெட்டிக்குள் கையை விட்டாள். ஒரு குட்டி அவள் விரலைக் கடித்தது, விடவில்லை.

"இது எனக்கு," என்றாள்.

"அக்கா, விளையாடுறியா? இது வீட்டுல எங்க மூத்திரம் போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கடைசியில துடைக்கிறது நான்தானே?"

"நீ துடைக்க வேண்டாம். துணியையே தொடாத. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறியா?"

சொல்லி முடித்த பிறகுதான் பிலியானா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நெவேனா சிரித்துவிட்டாள். "அந்த வார்த்தையை விட்டா வேற வார்த்தை இல்லையேடி, நான் என்ன பண்றது?"

கரடிக்குட்டி மாதிரி உருண்டு திரண்டிருந்த அதற்கு, அந்தப் பொருளிலேயே மெச்சோ என்று பெயர் வைத்தார்கள். வந்த வேகத்தில் அது கம்பளத்தை நனைத்தது, சமையலறையை நனைத்தது, கட்டில் காலையும் விடவில்லை. நெவேனா வீட்டுக்குள் வெறுங்காலோடு, பாதத்தைத் தரையில் தேய்த்தபடி நடந்தாள்.

"செருப்புப் போட்டுக்கக்கா, ஈரத்துல மிதிக்கிற."

"மிதிச்சாத்தானே எங்கன்னு தெரியும்?"

மிதித்த இடத்தில் மண்டியிட்டு, வினிகர் கலந்த தண்ணீரால் துடைப்பாள். பிறகு மூக்கைத் தரைவரை கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். வாசனை போகவில்லை என்றால் மறுபடி துடைப்பாள். குட்டியை ஒரு வார்த்தை திட்டவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் குட்டியின் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டாள். அது மோப்பம் பிடித்துக்கொண்டு வட்டமடித்தால் கயிறு இடுப்பைச் சுற்றும். உடனே அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். தூங்கி எழுந்தால் கீழே, சாப்பிட்டால் கீழே, விளையாடி முடித்தால் கீழே.

எல்லா முறையும் கீழே போய்ச் சேரவில்லை. ஒருநாள் லிஃப்டிலேயே ஆகிவிட்டது. கதவு திறந்தபோது எதிரே நின்றது பெனோ. ஆற்றில் படகோட்டி ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர், அந்தக் கட்டடத்தின் நல்லது கெட்டது அத்தனைக்கும் தன்னைப் பொறுப்பாளி ஆக்கிக்கொண்டவர்.

"நெவேனா! உன் நாய் லிஃப்டுக்குள்ளயே வேலையைக் காட்டிடுச்சு!"

"தெரியும் பெனோண்ணே. என் ஷூ மேலதான் போச்சு. துணி எடுத்துட்டு வரேன், லிஃப்டை யாரும் எடுத்துட்டுப் போகாம பிடிச்சுக்குங்க."

துணியும் தண்ணீருமாக வந்து லிஃப்டின் தரை முழுவதையும் தடவித் தடவித் துடைத்தாள். "மிச்சம் ஏதும் இருக்கா? ஒளிக்காம சொல்லுங்க."

பெனோ ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். "இடது மூலையில கொஞ்சம்," என்றார்.

மறுநாளிலிருந்து நெவேனாவின் கதவுச் சத்தம் கேட்டால் அவரே லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, "வா வா, அவசரக்காரன் வந்துட்டான்!" என்று கூவ ஆரம்பித்தார்.

பிறகு சில நாட்கள் வீடு உலர்ந்தே இருந்தது. நெவேனா தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையடித்தாள். ஒரு காலை, சோபாவுக்குப் பின்னால் உருண்டுபோன பந்தைத் தேடிக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிலியானா, இங்க ஏன் பினாயில் நெடி அடிக்குது?"

பிலியானா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா துடைக்கிற?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியா... மனசு நோகக் கூடாதுன்னுதான்கா..."

நெவேனா குரலை உயர்த்தவில்லை. "தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சாத்தானே திருத்த முடியும்? கண்ணு போச்சு, சரி. மிச்சத்தையும் நீ மூடி வைக்காதடி."

பிலியானா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரும்பி வந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். காலையில்தான் நடக்கிறது, தினமும் அதே இடம், அக்கா குளிக்கப் போகும்போது.

"குளிக்கப் போறப்ப கயித்தை அவுத்து விடறேன்," என்றாள் நெவேனா யோசித்து. "திருட்டுப் பயல், அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கான்." அன்றிலிருந்து மெச்சோவும் குளியலறைக்குள் போனது. சோபாவுக்குப் பின்புறம் அதன்பின் ஈரமாகவில்லை.

பிப்ரவரியில் பிலியானா காய்ச்சலில் படுத்தாள். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. நான் போறேன் என்று எழுந்தவளை நெவேனா போர்வையோடு அமுக்கிப் படுக்க வைத்துவிட்டு மெச்சோவோடு இறங்கிப் போனாள். மனது கேட்காமல் பிலியானா ஜன்னலோரம் வந்து நின்றாள்.

கீழே முற்றத்தில், முழங்கால் பனியில் புதைய, அக்கா மண்டியிட்டிருந்தாள். கையுறை இல்லாத ஒரு கை குட்டியின் முதுகில் இருந்தது. குட்டி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. காற்று அவள் தலைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டு போனது. அவள் கையை எடுக்கவில்லை. குட்டியின் முதுகு வில்லாக வளைந்தபோது பையைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டாள். முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. "சபாஷ்டா என் தங்கமே!" என்ற சத்தம் மூன்று மாடி ஏறி வந்தது. இன்னும் ஆவி அடங்காத சூட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து, சுத்தமாக அள்ளிக் கட்டினாள். தலைக்குட்டையைத் தேடித் துழாவியும் எடுத்துக்கொண்டாள்.

ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி பிலியானா நின்றாள். தன்னால் இவ்வளவு பொறுமையாக ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்க முடியுமா என்று நினைத்துப் பார்த்தாள். முடிந்திருக்காது. பார்வையிருந்த நாளில் அக்காவாலும் முடிந்திருக்காது, பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே டிரைவரோடு சண்டைக்கு நிற்பவள்.

அந்த மாதக் கடைசியில் நெவேனா வாசல் கைப்பிடியில் ஆட்டு மணி ஒன்றைத் தாழ்வாகக் கட்டினாள். வெளியே போகும்போதெல்லாம் மெச்சோவின் மூக்கை அதில் முட்டவைத்தாள். ஒரு மத்தியானம் இருவரும் பீன்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி தானாக அடித்தது. பிலியானா பாதி எழுந்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள். நெவேனா கரண்டியை வைத்துவிட்டு, "வரேன் துரை, வரேன்," என்று எழுந்து போனாள்.

வசந்தம் வந்ததும் பிலியானா வர்னாவுக்குத் திரும்பினாள். போகிறேன் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "எப்பவோ போயிருக்கணும், உன் தையல் மெஷின் துருப்பிடிச்சிருக்கும்," என்றாள் நெவேனா. ஆனாலும் அன்றிரவுக்கு அடுக்கு மாவுப் பலகாரமான பனித்சா சுட்டாள், தங்கைக்குப் பிடித்தபடி சீஸை அள்ளிப் போட்டு.

தையல்கடையில் கூட வேலை செய்த ஒருத்தி, வீட்டில் புதிதாக வந்த குட்டி கம்பளத்தை நாசம் செய்கிறது, எது சொன்னாலும் புரிவதில்லை என்று ஒருநாள் புலம்பினாள். பிலியானா அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சுப் போகுதாம்?" என்று கேட்டாள் நெவேனா.

"தெரியலையாம்."

"போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுதாம்?"

"அதுவும் கவனிக்கலையாம்."

"கண்ணு நல்லா இருக்குல்ல அவளுக்கு? ரெண்டு நாள் அதைப் பாக்கச் சொல்லு, அப்புறம் பேசலாம்."

பிலியானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து, கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கக்கா," என்றாள். மறுமுனையில் நெவேனா அதற்குள் ஆற்றங்கரைச் செர்ரி மரங்கள் பூத்துவிட்டதாக பெனோ சொன்னதையும், சாயங்காலம் மெச்சோவோடு அங்கே போகப்போவதையும் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.