புள்ளி நகர்ந்ததை யாரும் சொல்லவில்லை

1

இந்தக் கதையை வில்மார் உம்பியெரெஸ் எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மொன்டெவிடியோவில், ராம்ப்லா கரையோரச் சுவரில் உட்கார்ந்து, மாத்தே தேநீர் குடித்தபடி. எழுத உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வில்மார் பிறவியிலேயே பார்வையற்றவன், ஆனாலும்—’

அந்த ‘ஆனாலும்’ அவனுக்கு ஆகாது. அடித்துவிட்டேன்.

வில்மார் கணினி நிரல் எழுதுகிறவன். பால் லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் நிரல். திரையில் இருப்பதைக் கணினி அவன் காதில் படித்துச் சொல்லும். இப்படித் தொடங்கினால் போதும்.

2

(இந்தப் பகுதி கட்டுரைபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நிரலில் பிழை தேட ஒரு கருவி உண்டு, டிபக்கர். ‘இந்த வரிக்கு வந்ததும் நில்’ என்று அதற்குச் சொல்லிவைக்கும் குறிதான் பிரேக்பாயின்ட். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி; எழுத்தல்ல, படம். வெற்று வரியில் அதை வைத்தால் என்ன ஆகும்? அது நிரல்மொழிக்கு நிரல்மொழி வேறு. வில்மார் பல வருடம் பைத்தானில் எழுதினான். அவனுடைய டிபக்கர், ‘இது வெற்று வரி, முடியாது’ என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடும். பிறகு அலுவலகம் சி++ மொழிக்கு மாறியது. புது டிபக்கர் மரியாதைக்காரன். மறுக்காது; அடுத்து வேலை நடக்கும் வரி எதுவோ, அங்கே புள்ளியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிடும்.

சத்தமில்லாமல்.

3

நிரல் அவன் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. தன் நினைவுதான் தப்புகிறது என்று நினைத்தான்.

“போ, வில்மார், இன்னைக்கும் வரிய மறந்துட்டியா?” என்று பக்கத்து மேசை மாபெல் சிரிப்பாள். (அந்த ஊரில் ‘போ’ என்று கூப்பிட்டால் விரட்டுவதில்லை. நம் ‘அடேய்’ போல.)

வீட்டில் மனைவி சுல்மாவிடம் சொன்னான்: “அப்பாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

“லூசு மாதிரி பேசாத. நேத்து எண்ணெய் பாட்டில் எங்கன்னு நீதான எனக்குச் சொன்ன?”

அவன் சமாதானமாகவில்லை. வேலை தேங்குவதைப் பார்த்த மேலாளர் இரிகோஷென், “திங்கள்லேர்ந்து போன் எடுக்கிற வேலையப் பாருப்பா, உனக்கும் சுலபம்” என்றபோது எதிர்த்துப் பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, தன் நிரலை மாபெலிடம் ஒப்படைக்க உட்கார்ந்தான்.

“புள்ளிய முப்பத்துநாலுல வச்சிருக்கேன். பாரு.”

“முப்பத்தேழுல இருக்கே.”

“இல்ல. முப்பத்துநாலு.”

“முப்பத்துநாலு வெறும் வரிப்பா. அதான் கீழ நகந்துருச்சு.”

வில்மார் விசைகளிலிருந்து கையை எடுத்தான்.

“நகருமா?”

4

பிறகு நடந்தது நல்லபடியாகவே நடந்தது. புள்ளி நகர்ந்தால் வாய்விட்டுச் சொல்லும்படி அன்று மாலைக்குள் மாபெல் ஒரு சின்ன நிரல் எழுதினாள். போன் வேலைப் பேச்சை இரிகோஷென் திரும்பப் பெற்றுக்கொண்டார். மன்னிப்புக்குப் பதிலாக ஒரு தட்டு பிஸ்கோச்சோ பன் வாங்கி வைத்தார். வில்மார் சுல்மாவைக் கூப்பிட்டு, “எனக்கு ஒண்ணும் இல்லடி” என்றான்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால், ‘நகருமா?’ என்று கேட்டதற்கும் இதற்கும் நடுவில் அவன் இன்னொன்றும் கேட்டான்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். கண்ணு முன்னாடிதான நகருது.”

“எனக்கு யாருமே சொல்லலையே, மாபெல்.”

அவள் பதிலை எழுதிப் பார்த்தேன். ‘மாபெல் அழுதாள்’ — இல்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ‘உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவே’ — அது உண்மைதான். உண்மையாக இருப்பதாலேயே அவளால் முடித்திருக்க முடியாது. ‘அவன் தோளில் கை—’

அவள் என்ன சொன்னாள் என்று வில்மாரிடமே கேட்டேன். “நீ இருந்தா என்ன சொல்லியிருப்ப?” என்று திருப்பிக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க. தலையாட்டினால் அவனுக்குத் தெரியாது.